கேம்பஸ் கச்சேரி: நாப் எல்லாம் ஃபுல்... சவுண்டு மட்டும் டல்!

கல்ச்சுரல்ஸ் சீசன் வந்துட்டா போதும், நம்ம பகுதிக்கு ஒரே கேள்வி வேற வேற கையெழுத்துல வந்து குவியும். 'எலெக்ட்ரிக் கிடார் வாங்கியாச்சு. டிஸ்டார்ஷன் பெடலும் வாங்கியாச்சு. எல்லா நாப்பையும் ஃபுல்லா திருப்பியாச்சு. ஆனா ஆல்பத்துல கேக்குற அந்த இடி மாதிரி சவுண்டு மட்டும் வரவே மாட்டேங்குது. தகர டப்பாவுக்குள்ள தேனீக் கூட்டத்தைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கு. இதைவிடப் பெரிய பெடல் வாங்கணுமா?'

ஒரே வார்த்தையில் பதில்: வேண்டாம்!

வீட்டிலிருந்து வரும் மெஸ் பணத்தில் மிச்சம் பிடித்தும், பக்கத்து வீட்டு வாண்டுகளுக்கு டியூஷன் எடுத்தும் சேர்த்த காசு அது. அதைக் கொண்டுபோய் இன்னொரு பெடலில் கொட்டினால், இன்னும் பெரிய தேனீக் கூட்டம்தான் கிடைக்கும். கையில் இருக்கும் கிடார், கையில் இருக்கும் ஆம்ப், இரண்டையும் வைத்தே சவுண்டை எப்படி 'கனம்' ஆக்குவது என்பதுதான் இந்த வார மேட்டர். கொஞ்சம் சயின்ஸ், கொஞ்சம் ஹிஸ்டரி, நிறைய நாப் திருப்பல். ரெடியா?

தலை வெட்டுப்பட்ட அலை!

முதலில் டிஸ்டார்ஷன் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். கிடாரின் ஸ்ட்ரிங்குக்கு அடியில் இருக்கும் பிக்கப், வேறொன்றுமில்லை... காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். ஸ்டீல் ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் ஆடும். சுருளில் சின்னதாக மின்சாரம் பிறக்கும். பிளஸ் டூ பிசிக்ஸில் தூங்காமல் இருந்தவர்களுக்கு ஃபாரடே ஞாபகம் வந்திருப்பார்!

இந்தச் சின்ன சிக்னலைப் பெரிதாக்குவதுதான் ஆம்ப்பின் வேலை. ஆனால் எந்த ஆம்ப்புக்கும் ஒரு கூரை உண்டு. அதைத் தாண்டிப் பெரிதாக்கச் சொன்னால் அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டிவிடும். உருண்டையான மலை, மொட்டை மாடி ஆகிவிடும். இதற்குப் பெயர்தான் கிளிப்பிங். நாம் டிஸ்டார்ஷன் என்று கொண்டாடுவது இந்த வெட்டுப்பட்ட அலையைத்தான்.

வெட்டினால் என்ன ஆகும்? இரண்டு விஷயம். ஒன்று, அலையில் இல்லாத புது அதிர்வெண்கள் முளைக்கும். கிடாரின் தடித்த ஆறாவது ஸ்ட்ரிங் 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மேலும் கீழும் சமமாக வெட்டினால் அதன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு அதிர்வெண்கள் பலமாகும். சமமில்லாமல் வெட்டினால் 2 மடங்கு, 4 மடங்கும் சேர்ந்துகொள்ளும். அந்த 'கர்ர்ர்' அங்கிருந்துதான் வருகிறது. இரண்டாவது, மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் உயரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அதனால்தான் டிஸ்டார்ஷனில் ஒரு நோட்டை அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் அது பாடிக்கொண்டே இருக்கிறது.

இந்த இரண்டாவது பாயின்ட்டை மனதில் வையுங்கள் பாஸ். இதில்தான் வில்லன் ஒளிந்திருக்கிறான்!

பிளேடு போட்ட ஸ்பீக்கர்

இன்றைக்குக் கடையில் வரிசையாக அடுக்கி வைத்து விற்கும் இந்த சவுண்டு, ஆரம்பத்தில் ரிப்பேர் சவுண்டு! 1958-ல் லிங்க் ரே என்ற அமெரிக்க கிடாரிஸ்ட், 'ரம்பிள்' என்ற பாடலுக்காகத் தன் ஆம்ப்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டைப் பதிவு செய்தபோது மிக்ஸரில் ஏதோ கோளாறு. பேஸ் கிடார் சோலோ மட்டும் கரகரவென்று வந்தது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாட்டு ஹிட்! அந்தக் கோளாறையே ஒரு பெட்டிக்குள் அடைத்து 1962-ல் 'மாஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெடல் வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்த, உலகமே அந்த சவுண்டின் பின்னால் ஓடியது.

நடுவில் 1964. லண்டனில் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ், தன் குட்டி ஆம்ப்பின் ஸ்பீக்கர் பேப்பரை பிளேடால் கிழித்துவிட்டார். அதில் வாசித்ததுதான் 'யூ ரியலி காட் மீ'. நோட் பண்ணுங்க... அவர்கள் யாரிடமும் பெரிய கருவி இல்லை. காதும், துணிச்சலும்தான் இருந்தன. (அதற்காக ஹாஸ்டல் ரூம்மேட்டின் ஹோம் தியேட்டரில் பிளேடு போடாதீர்கள். கம்பெனி பொறுப்பல்ல!)

விரல் நுனி போனாலும் விடாத தலைவர்

'ஹெவி' என்ற வார்த்தைக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அது டோனி அயோமி. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பையன். 17 வயதில் தகடு வெட்டும் ஃபேக்டரியில் வேலை. அந்த வேலையில் கடைசி நாள் அன்றைக்கு, மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடதுகைக்காரரான அவருக்கு கிடாரில் ஸ்ட்ரிங்கை அழுத்தும் கையே வலது கைதான். 'முடிஞ்சது கதை' என்று உட்கார்ந்திருந்தவருக்கு, ஃபேக்டரி மேலாளர் ஒரு ரெக்கார்டைக் கொடுத்தார். 1928-ல் தீ விபத்தில் இரண்டு விரல்களின் இயக்கத்தை இழந்தும் உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் ரெக்கார்ட் அது!

அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்தார். மேலே தோல் ஒட்டினார். அழுத்த எளிதாக இருக்க மெல்லிய ஸ்ட்ரிங் போட்டார். 1970-ல் 'பிளாக் சபாத்' ஆல்பம் வந்தது. 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாடல்களுக்குக் கிடாரை மூன்று அரைச்சுரம் இறக்கி ட்யூன் செய்தார். ஸ்ட்ரிங்கும் தளர்ந்தது, சவுண்டும் பாதாளத்துக்குப் போனது. அதற்கப்புறம் வந்த மெட்டல் கூட்டம் மொத்தமும் அந்தப் பாதையில்தான். 2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில், ஆஸி ஆஸ்போர்னின் கடைசி மேடையில், பழைய நால்வரும் மறுபடி ஒன்றாக வாசித்தார்கள். 17 நாள் கழித்து ஆஸி காலமானார்.

இதில் நமக்கு வேண்டிய ரகசியம் ஒன்று இருக்கிறது. அயோமி ஆரம்ப காலத்தில் ஆம்ப்புக்கு முன்னால் வைத்திருந்த பெட்டி ஒரு 'ட்ரெபிள் பூஸ்டர்'. அதாவது, உலகத்திலேயே கனமான சவுண்டைக் கண்டுபிடித்த மனுஷன், ஆம்ப்புக்குள் போகும் முன்பு தூக்கியது பேஸை அல்ல, ட்ரெபிளை! ஏன் என்று கீழே படியுங்கள்.

ரூல் நம்பர் 1: கெயினைக் குறை!

'என்னது, குறைக்கணுமா?' என்று சண்டைக்கு வராதீர்கள். முதலில் கெயினும் வால்யூமும் ஒன்றல்ல. கெயின் என்பது அலையை எவ்வளவு வெட்டுவது; வால்யூம் என்பது வெட்டிய அலையை எவ்வளவு சத்தமாக வெளியே விடுவது.

இப்போது அந்த வில்லன். கெயினை ஏற்ற ஏற்ற மெதுவான அடிக்கும் ஓங்கின அடிக்கும் வித்தியாசம் போய்விடுகிறது என்றோம் அல்லவா? கனம் என்பதே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பறையடி ஏன் நெஞ்சில் இடிக்கிறது? ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியால்! இடைவெளியே இல்லாமல் 'ஸ்ஸ்ஸ்' என்று போய்க்கொண்டிருந்தால் அது மிக்ஸி சத்தம்.

ஈஸியான டெஸ்ட் ஒன்று. ஒரு ரிஃபை வாசியுங்கள். டக்கென்று உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை மூடுங்கள். சட்டென்று அமைதி வந்தால் கெயின் சரி. 'உய்ய்ய்' என்று கத்தினாலோ, 'ஸ்ஸ்ஸ்' என்று சீறினாலோ குறையுங்கள். அடுத்து, இரண்டு ஸ்ட்ரிங்கைச் சேர்த்து அடியுங்கள். இரண்டு நோட்டும் தனித்தனியாகக் காதுக்குத் தெரிகிறதா? தெரியும்வரை குறையுங்கள். பெரும்பாலான ஆம்ப்புகளில் 10-க்கு 5, 6-லேயே வேலை முடிந்துவிடும்.

ரூல் நம்பர் 2: பேஸை முன்னாடி வெட்டு, பின்னாடி ஏத்து!

இந்த ஒரு வரியை ஹாஸ்டல் சுவரில் எழுதி ஒட்டலாம். கிடாரில் இருந்து வரும் சிக்னலில் அடிப்பகுதி அதிர்வெண்கள்தான் குண்டாக இருக்கும். கிளிப்பிங் நடக்கும் இடத்துக்குள் அவை முதலில் நுழைந்து மொத்த இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பீக் அவர் டவுன் பஸ்ஸில் புட்போர்டிலேயே நாலு பேர் நின்றுகொண்டால் உள்ளே யாரும் போக முடியாது இல்லையா, அதே கதை. விளைவு: சேறு மாதிரி ஒரு 'புஸ்ஸ்' சவுண்டு.

அதனால் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸைக் குறைக்க வேண்டும். டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு வேண்டிய பேஸை ஏற்ற வேண்டும். அயோமியின் ட்ரெபிள் பூஸ்டர் செய்தது இதைத்தான். இன்றைக்கு மெட்டல் கிடாரிஸ்ட்கள் செய்வதும் இதையேதான், வேறொரு பெட்டியால்.

அந்தப் பெட்டி, ஐபனேஸ் கம்பெனியின் 'ட்யூப் ஸ்க்ரீமர்'. பச்சைக் கலர். 1979-ல் வந்தது. தனியாகப் போட்டால் சாதுவான ப்ளூஸ் சவுண்டுதான் தரும். ஆனால் ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் இருக்கும் ஆம்ப்புக்கு முன்னால் அதை வைத்து, 'டிரைவ்' நாப்பை ஏறக்குறைய பூஜ்யத்திலும் 'லெவல்' நாப்பை ஏறக்குறைய ஃபுல்லிலும் வையுங்கள். அது கீழ்ப்பகுதியைச் சீவிவிட்டு, 720 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் நடுப்பகுதியைத் தள்ளும். தொளதொள பேண்ட்டை டெய்லரிடம் கொடுத்து டைட் பண்ணின மாதிரி சவுண்டு 'நச்'சென்று ஆகிவிடும். இதே சர்க்யூட்டை காப்பி அடித்த மலிவு பெடல்கள் நிறைய உண்டு. அதுவும் இல்லையா? பெடலுக்கு முன்னால் ஏதாவது ஒரு ஈக்வலைசர் வைத்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ரூல் நம்பர் 3: மிட்ஸைத் தொடாதே!

தனியாக ரூமில் வாசிக்கும்போது பேஸ் 10, மிட் 0, ட்ரெபிள் 10 என்று வைத்தால் காதுக்கு சூப்பராக இருக்கும். ரூம்மேட் கூட 'மச்சி, மெட்டாலிகா மாதிரியே இருக்குடா' என்பான். நம்பாதீர்கள்!

மேடையில் டிரம்மர் கிக் அடிப்பார். பேஸ் கிடார் 41 ஹெர்ட்ஸில் இருந்து கிளம்பும். உங்கள் அடிப்பகுதியை அவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிடுவார்கள். மேலே சிம்பல்களின் சலசலப்பு உங்கள் ட்ரெபிளைச் சாப்பிட்டுவிடும். மிச்சம் இருப்பது மிட்ஸ்தான். அதையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டால், நீங்கள் ஸ்டேஜில் இருக்கிறீர்கள், கிடார் இல்லை! ஆடியன்ஸ் உங்கள் தலை ஆட்டத்தை மட்டும்தான் பார்ப்பார்கள்.

'எல்லா நாப்பும் ஃபுல்லா வச்சே ஜெயிச்சவங்க இல்லையா?' என்று கேட்கலாம். இருக்கிறார்கள்! ஸ்வீடன் நாட்டின் 'என்டூம்ட்' குழு ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவு செய்த 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பம் 1990-ல் வந்தது. பாஸ் கம்பெனியின் எச்.எம்.-2 பெடல், நாலு நாப்பும் ஃபுல். மரம் அறுக்கும் மெஷின் மாதிரி ஒரு சவுண்டு. உலகம் முழுக்க அதற்கு ரசிகர்கள். ஆனால் அந்தப் பெடலின் சூட்சுமம் வேறு. அதன் 'ஹை' நாப்பை ஏற்றினால் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து மிட்ஸும் சேர்ந்து எகிறும். ஆக, அவர்கள் ஃபுல்லா வைத்ததும் மிட்ஸைத்தான்!

கையில இருக்கு கனம்

சரி, இனி காசே செலவில்லாத ஐட்டங்கள்.

பவர் கார்டு: டிஸ்டார்ஷனில் முழு மேஜர் கார்டு அடித்தால் ஏன் குழம்புகிறது? வெட்டுப்படும்போது இரண்டு நோட்டுகள் ஒன்றோடொன்று மோதி, அவற்றின் வித்தியாசத்தில் மூன்றாவதாக ஒரு அதிர்வெண் பிறக்கும். 82.4 ஹெர்ட்ஸ் நோட்டும், அதன் ஐந்தாம் நோட்டான 123.5 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் வித்தியாசம் சுமார் 41. அது முதல் நோட்டின் சரியாக ஒரு ஸ்தாயி கீழே! அதாவது யாரும் வாசிக்காத ஒரு கீழ் நோட்டை ஆம்ப்பே இலவசமாகத் தருகிறது. நம்மூர் பாஷையில் சொன்னால் ச-வும் ப-வும். நடுவில் ஒரு க-வைச் சேர்த்தால் வித்தியாசங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தகராறு ஆரம்பம். ஆக, குறைவான நோட்டு, அதிகமான கனம்.

பாம் மியூட்: வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தை, ஸ்ட்ரிங் பிரிட்ஜில் உட்காரும் இடத்தின் மேல் லேசாக வையுங்கள். ரொம்ப முன்னால் வந்தால் சவுண்டு செத்துவிடும். ரொம்பப் பின்னால் போனால் மியூட்டே ஆகாது. மில்லிமீட்டர் கணக்கு. அந்த 'ஜுக் ஜுக் ஜுக்' சவுண்டில் பாதிக்கு மேல் இந்தக் கைதான், பெடல் அல்ல.

பிக்: வளையும் மெல்லிய பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளதை எடுங்கள். கீழ்நோக்கி மட்டும் அடித்துப் பழகுங்கள். கை வலிக்கும். வலிக்கட்டும், ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில் விழும்.

டிராப் டி: ஆறாவது ஸ்ட்ரிங்கை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்குங்கள். 82.4 ஹெர்ட்ஸ், 73.4 ஆகும். பவர் கார்டை ஒரே விரலில் பிடிக்கலாம். ஆனால் அந்த ஸ்ட்ரிங்கின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதற்கும் கீழே இறக்கினால் ஸ்ட்ரிங் துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடும். நோட்டு சுருதி விலகும். எனவே இறக்குவதென்றால் தடித்த ஸ்ட்ரிங் செட் போடுங்கள். பழைய, துருப்பிடித்த ஸ்ட்ரிங்கில் எந்தப் பெடலும் உறுமாது. புது செட் ஒன்றின் விலை, பெடல் விலையில் சின்னப் பகுதிதான்.

பிக்கப்: பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் நம் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டின் 'ம்ம்ம்' ஹம்மை உறிஞ்சும். டிஸ்டார்ஷன் அதையும் பெரிதாக்கும். இதற்காகத்தான் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் ஹம்பக்கருக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுருள், எதிரெதிர் திசை. ஹம் ஒன்றையொன்று அடித்து ஜீரோ! சிங்கிள் காயில்தான் இருக்கிறதா? டியூப்லைட், கம்ப்யூட்டர் மானிட்டர் பக்கத்தில் இருந்து தள்ளி நின்று, திரும்பித் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் ஹம் குறையும்.

தேனீ எங்கேயிருந்து வருது?

பெடலை நேராக மிக்ஸரிலோ கம்ப்யூட்டரிலோ சொருகுகிறீர்களா? தேனீக் கூட்டத்தின் வீட்டைக் கண்டுபிடிச்சாச்சு! கிடார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் அல்ல. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதற்கு மூச்சு வாங்கும். கிளிப்பிங்கில் பிறந்த எரிச்சலான உச்ச அதிர்வெண்களை அதுவே வடிகட்டிவிடும். மிக்ஸருக்கு நேராகப் போனால் வடிகட்டி இல்லாத காபி. திப்பி திப்பியாக வரும்.

மேடையில் இதற்கு வழி, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைப்பது. 1965-ல் இருந்து ஷூர் எஸ்.எம்.57 மைக் இந்த வேலையைச் செய்துவருகிறது. ஸ்பீக்கரின் நடுமையத்துக்கு நேராக வைத்தால் கூர்மை. ஓரத்துக்கு நகர்த்தினால் மென்மை. இரண்டு விரல்கடை நகர்த்தினாலே இன்னொரு ஆம்ப் வாங்கின மாதிரி மாறும். கம்ப்யூட்டரில் வாசிப்பவர்களுக்கு, நிஜ ஸ்பீக்கரின் குணத்தைப் பதிவு செய்துவைத்த 'ஐ.ஆர்.' என்ற குட்டி ஃபைல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'நியூரல் ஆம்ப் மாடலர்' போன்ற இலவச சாஃப்ட்வேரில் ஆம்ப்பையும் ஏற்றி, பின்னால் ஒரு ஐ.ஆர். போட்டால் வீட்டிலேயே ஸ்டுடியோ.

ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ். ஆல்பத்தில் கேட்கும் பிரம்மாண்டம் ஒரு கிடார் இல்லை. அதே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடது பக்கமும் ஒன்றை வலது பக்கமும் வைப்பார்கள். ஒன்றையே காப்பி பேஸ்ட் செய்தால் பலிக்காது. சத்தம் மட்டும்தான் கூடும். இரண்டு வாசிப்புக்கும் நடுவில் இருக்கும் இம்மியளவு வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. இரண்டிலும் கெயின் ஒரு பாயின்ட் குறைவாக இருக்கட்டும். அடியில் பேஸ் கிடார் அதே ரிஃபை ஒட்டி வாசித்தால்... அடி தூள்! ரசிகர்கள் 'கிடார் சவுண்டு' என்று நினைப்பதில் பெரும் பங்கு பேஸ் கிடார்காரருடையது. அவரை ஓரங்கட்டி வைக்காதீர்கள். பிரியாணியில் ஒரு பீஸ் கூடவே கொடுங்கள்.

சீரியஸா ஒரு நிமிஷம்

இதுவரை ஜாலியாகப் பேசினோம். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கெயினைக் கூட்டினால் ஹம்மும் கூடும் என்றோம். சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: 'மூணு பின் பிளக்குல அந்தப் பெரிய பின்னை எடுத்துட்டா ஹம் போயிடும்.' அந்தப் பெரிய பின்தான் எர்த். உங்கள் கிடாரின் ஸ்ட்ரிங்குகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. அதை எடுத்துவிட்டு, ஆம்ப்பில் ஏதாவது லீக்கேஜ் இருந்து, கை ஸ்ட்ரிங்கிலும் உதடு மைக்கிலும் பட்டால், 230 வோல்ட் உங்கள் வழியாகப் பாயும். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு ஷாக் அடித்து இறந்துபோனார். 20 சொச்சம் வயது.

கல்லூரி கிரவுண்டில் பந்தல் போட்டு, ஜெனரேட்டரில் இருந்து ஒயர் இழுத்து, பக்கத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் மேடைகளில்தான் நம்மில் பலர் முதல் கச்சேரி செய்கிறோம். சவுண்டு செக் தொடங்கும் முன்பு சவுண்டு சர்வீஸ் அண்ணனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: 'எர்த் இருக்கா அண்ணே? ஷாக் அடிச்சா ட்ரிப் ஆகுமா?' மைக்கின் உடம்பில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லைட் எரிந்தால் தொடாதீர்கள். யாரும் உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் சொல்லட்டும். ட்யூப் ஆம்ப் ரிப்பேர் ஆனால் நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

அடுத்தது காது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம்! மூடிய ரூமில் டிரம்ஸோடு ரிஹர்சல் என்றால் 100 சர்வசாதாரணம். ரிஹர்சல் முடிந்ததும் காதுக்குள் 'கொய்ய்ங்' என்று விசில் அடித்தால் அது காது கொடுக்கும் நோட்டீஸ். உள்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் இயர் ப்ளக் ஒரு டீ, ஒரு சமோசா விலைக்குக் கிடைக்கும். வாங்கிப் போடுங்கள். ஆம்ப்பைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசிக்காமல், ஒரு நாற்காலியில் தூக்கி வைத்து முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். முழங்காலுக்குக் காது கிடையாது! வால்யூம் தானாகக் குறையும், ட்ரெபிளும் சரியான அளவுக்கு வரும்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 10 வாட் ஆம்ப்பைவிட 100 வாட் ஆம்ப் பத்து மடங்கு சத்தம் என்று நினைப்போம். காதுக்குக் கேட்பது ஏறக்குறைய இரண்டு மடங்குதான். 'பெரிய ஆம்ப் இல்லையே' என்ற ஏக்கம் உள்ளவர்கள் இன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னிக்கு ராத்திரி ஹோம் ஒர்க்

எல்லா நாப்பையும் நடுவில், அதாவது 5-ல் வையுங்கள். கெயின் 4. ட்யூன் பண்ணுங்கள். பிரிட்ஜ் பிக்கப். பாம் மியூட்டில் ஒரே நோட்டை மெட்ரோனோமோடு 5 நிமிஷம் அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நிசப்தம் கேட்க வேண்டும். கேட்டால், கெயினை அரை பாயின்ட் ஏற்றுங்கள். நிசப்தம் உடையும் இடத்தில் நிறுத்தி, அரை பாயின்ட் இறக்குங்கள். அங்கேதான் உங்கள் டோன் இருக்கிறது. மிட் 6, பேஸ் 4. செல்போனில் பதிவு செய்து நாளைக் காலை கேளுங்கள். ராத்திரிக் காது பொய் சொல்லும், காலைக் காது சொல்லாது.

அப்புறமும் திருப்தி இல்லையென்றால் பெடல் கடைக்குப் போகலாம். ஆனால் போகும்போது உங்கள் கிடாரையும், மெட்ரோனோமில் பழகிய அந்தக் கையையும் கூட எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கை சொல்லும், எது வேண்டும், எது வேண்டாம் என்று!

அடுத்த வாரம்: கிடார்காரர்களுக்கே பக்கம் பக்கமாக எழுதுகிறோம் என்று கோபத்தில் இருக்கும் பேஸ் கிடார் பார்ட்டிகளுக்காக ஸ்பெஷல். நாலு ஸ்ட்ரிங், நாற்பது வம்பு! வரட்டா?